காலி நாற்காலியின் மேல் பழி

இந்தியக் கால்பந்து கிளப்புகள் ஏன் நொடித்துப்போகின்றன என்று கேட்டால், எல்லோர் வாயிலும் ஒரே பதில் தயாராக இருக்கிறது: பார்க்க ஆள் இல்லை. இது கிரிக்கெட் நாடு. கால்பந்துக்கு இங்கே கூட்டம் சேராது. சேராத கூட்டத்துக்காகச் சில முதலாளிகள் இத்தனை ஆண்டுகள் கைக்காசைக் கொட்டினார்கள். இப்போது சலித்துப்போய் நிறுத்துகிறார்கள். 2025 ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூரு எஃப்சி தன் முதல் அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தபோதும், அதே வாரத்தில் சென்னையின் எஃப்சியும் செயல்பாடுகளை நிறுத்திவைத்தபோதும் இதே பேச்சுதான் திரும்பத் திரும்ப ஒலித்தது. கவலைப்பட்ட ரசிகனைப் பார்த்து, "நீ ஒழுங்காக டிக்கெட் வாங்கிப் போயிருந்தால் இந்த நிலை வந்திருக்குமா?" என்று கேட்டவர்களும் உண்டு. கடனுக்கும் நட்டத்துக்கும் துளியும் பொறுப்பில்லாத ஒருவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற இந்தப் பேச்சு தவறானது. நடந்தவற்றைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தாலே அது நிற்காது.

வேப்பனப்பள்ளியிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் ஆந்திரம் என மூன்று மாநிலம் கூடும் இந்த மூலையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே டீக்கடையில் கேட்கும். நாட்டின் முதல்நிலைக் கால்பந்து நடக்கிற மைதானங்களில் இங்கிருந்து பக்கமாக இருப்பது பெங்களூருவின் கண்டீரவா. ஏறக்குறைய 100 கிலோமீட்டர். சென்னை நேரு ஸ்டேடியம் அதைப்போல் இரண்டரை மடங்குத் தொலைவு. ஆகவே ஓசூர், சூளகிரி, வேப்பனப்பள்ளிப் பக்கத்து இளைஞர்களில் கால்பந்துப் பைத்தியம் பிடித்தவர்கள் பெங்களூருவின் நீலச்சட்டை போடுவதும், அதே வீட்டில் அண்ணனோ தம்பியோ சென்னையின் நீலத்தைப் போடுவதும் இயல்பு. 2018 மார்ச் 17 அன்று கண்டீரவாவில் நடந்த இறுதிப்போட்டியில் சென்னை 3-2 என்று பெங்களூருவை வென்றபோது, வெற்றியும் தோல்வியும் இந்தப் பகுதிக்கு ஒரே இரவில் வந்தன. 2025இல் அந்த இரு கிளப்புகளும் ஒரே வாரத்தில் கதவைச் சாத்தியபோது, ஒதுங்கிக்கொள்ள இன்னொரு அணி இல்லாமல் போனவர்கள் இந்த எல்லைப்பகுதி ரசிகர்கள்.

இப்போது தேதிகள். 2025 ஏப்ரல் 12 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் இறுதிப்போட்டி. கூட்டம் நிரம்பி வழிந்த அரங்கில் மோகன் பகான் 2-1 என்று பெங்களூருவை வென்றது. அதுவும் கூடுதல் நேரத்தில். நாட்டின் இரண்டு முதல்தர அணிகள், நிறைந்த மைதானம், கடைசி நிமிடம் வரை முடிவு தெரியாத ஆட்டம். நான்கு மாதம்கூட ஆகவில்லை, தோற்ற அணி சம்பளத்தை நிறுத்தியது. ஏழு மாதம் முடிவதற்குள் வென்ற அணியும் பயிற்சியை நிறுத்தியது. நவம்பர் 8 அன்று. மோகன் பகானுக்கு ரசிகர் இல்லை என்று சொல்ல யாருக்காவது நா எழுமா? 1889இல் தொடங்கிய கிளப் அது. ஆட்ட நாளில் கொல்கத்தாவின் பாதி அதன் பின்னால் நிற்கும். அந்த கிளப்பே நிற்கவேண்டி வந்தது என்றால், நிறுத்திய கை ரசிகனுடையதாக இருக்க முடியாது.

யாருடைய கை? 2010இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகள் அனைத்தையும் 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஐஎம்ஜி-ரிலையன்ஸ் கூட்டுக்கு எழுதிக்கொடுத்தது. லீக்கை நடத்திய எஃப்எஸ்டிஎல் அதிலிருந்து பிறந்தது. ஒளிபரப்பு, பெரிய ஸ்பான்சர், அட்டவணை எல்லாம் அந்த ஒரே வாசல் வழியாகத்தான். அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8இல் முடியும் என்பது கையெழுத்தான நாளிலேயே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் அதற்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு, முடிகிற ஆண்டின் நடுப்பகுதி வரை பதில் இல்லை. கூட்டமைப்பின் சட்டதிட்டம் உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. தீர்ப்பு வரும்வரை புது ஒப்பந்தம் போடக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஜூலை 11 அன்று எஃப்எஸ்டிஎல், அடுத்த பருவத்தை நிறுத்திவைப்பதாகக் கிளப்புகளுக்கு எழுதியது. ஒரு மாதம் கழியும் முன் 11 கிளப்புகள், அடியோடு மூடவேண்டி வரும் என்று கூட்டமைப்புக்குக் கடிதம் எழுதின. லீக் நடக்குமா என்று தெரியாத ஊரில் எந்த ஸ்பான்சர் பணம் போடுவான்? பருவச் சீட்டை எந்த நம்பிக்கையில் விற்பது? ஆட்டமே இல்லாதபோது எந்த நாற்காலி நிரம்பும்? கண்டீரவாவின் வாசல் பூட்டியிருந்தது. பூட்டிய வாசலைக் காட்டி, உள்ளே ஆள் இல்லை என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேறெங்கும் போகவேண்டாம். அதே 2025 கோடையில் நம் மாந்தோப்புகளில் நடந்ததைப் பார்த்தால் போதும். நாம் பெங்களூரா என்று சொல்கிற கிளிமூக்கு மாங்காயில் பெரும்பங்கு கூழ் ஆலைக்குப் போகும் சரக்கு. சித்தூர்ப் பக்கத்து ஆலைகளை நம்பி இங்கிருந்து லோடு போவது வழக்கம். ஜூன் மாதம் வெளிமாநிலக் காய் உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. ஆலைகளில் முந்தைய ஆண்டுக் கூழ் தேங்கிக் கிடந்தது. கிலோ 5 ரூபாய் அளவுக்கு விலை இறங்கியது. பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள், சாலையோரம் கொட்டியவர்கள் எத்தனை பேர். அப்போது யாராவது, "மாம்பழம் தின்ன ஆள் இல்லை, அதனால்தான் தோப்பு நட்டம்" என்று சொன்னார்களா? சொன்னால் சிரித்திருப்பார்கள். தின்ன ஆள் இருந்தான். அவனுக்கும் தோப்புக்கும் நடுவே இருந்த ஒரே வழி அடைத்துக்கொண்டது. நம் கால்பந்து கிளப்பின் கணக்குப் புத்தகமும் கிட்டத்தட்ட அந்தத் தோப்பின் கணக்குதான். லீக்கின் பொதுப் பணத்திலிருந்து வரும் பங்கு ஒரு பக்கம், முதலாளி எழுதும் காசோலை மறுபக்கம். டிக்கெட்டும் சட்டையும் விற்ற காசு அதற்கு நடுவே சிறுதொகை. அந்தச் சிறுதொகையை இரட்டிப்பாக்கியிருந்தாலும் 2025 ஆகஸ்ட் வேறுமாதிரி முடிந்திருக்காது.

இது புதிய நோயும் இல்லை. 2010இல் மகிந்திரா யுனைடெட் மூடப்பட்டது. நாட்டின் பெரிய கோப்பைகளை எடுத்த அணி. அடுத்த ஆண்டு பஞ்சாபின் ஜேசிடி மூடப்பட்டது; 1996-97இல் முதல் தேசிய லீக்கை வென்ற கிளப் அது. 2015இல் புனேயில் பிரமல் நிறுவனத்தின் புனே எஃப்சியும், கல்யாணி குழுமத்தின் பாரத் எஃப்சியும் அடுத்தடுத்துப் போயின. பாரத் எஃப்சி ஆடியது ஒரே ஒரு பருவம். ஒவ்வொரு முறையும் நிறுவனத்தின் தலைமையகத்தில் எடுத்த முடிவு மைதானத்தை வந்தடைந்தது. தோல்வியால் மூடினார்கள் என்று சொல்லவும் வழியில்லை. ஹைதராபாத் எஃப்சி 2021-22இல் சூப்பர் லீக் சாம்பியன். அதற்கடுத்த பருவங்களில் வீரர்களுக்குச் சம்பள பாக்கி. ஃபிஃபா புதிய வீரர்களைச் சேர்க்கத் தடை போட்டது. 2024இல் கிளப் கைமாறியது. 2025இல் பெயரே மாறி, ஊரே மாறி, ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆனது. கோப்பையைத் தூக்கிய ஊர் ஒன்று, வாரிசு ஆடும் ஊர் இன்னொன்று.

நம் மாநிலத்தில் நடந்தது இதைவிட வலிக்கிற கதை. 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்சி கடைசி ஆட்டத்தில் ஒரு கோல் பின்தங்கி, பிறகு மினர்வா பஞ்சாபை 3-1 என்று திருப்பி அடித்து ஐ-லீக் பட்டத்தை எடுத்தது. ஈஸ்ட் பெங்காலை விட ஒரே ஒரு புள்ளி கூடுதல். பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மன்சி அந்தப் பருவத்தில் மட்டும் 21 கோல் போட்டார். எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழகப் பையன்கள் அந்த அணியிலிருந்து மேலே போனார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. கோவைக்காரர்கள் அரங்குக்கு வந்தார்கள், கத்தினார்கள், கொண்டாடினார்கள். மூன்றாவது ஆண்டு, 2021-22 பருவத்து ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. உரிம நிபந்தனைகளில் தவறியது கிளப்; அந்த நிபந்தனைகளில் எதுவும் கோவை ரசிகன் கையில் இல்லை. பட்டத்தோடு வந்த நம்பிக்கையை யார் காவல் காத்திருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமைகூட அவனுக்கு எழுத்தில் இல்லை.

"கிரிக்கெட் இருக்கும்வரை இது இப்படித்தான்" என்பவர்களுக்குக் கிரிக்கெட்டிலிருந்தே பதில் சொல்லலாம். 2009இல் ஐபிஎல் கோப்பையை வென்ற டெக்கான் சார்ஜர்ஸ் 2012இல் நீக்கப்பட்டது. கொச்சி டஸ்கர்ஸ் ஒரே பருவத்தில், 2011இல், வங்கி உத்தரவாதத் தகராறில் போனது. புனே வாரியர்ஸ் 2013இல் விலகியது. கிரிக்கெட்டுக்கு ஹைதராபாத்தில் ஆள் இல்லையா, கொச்சியில் டிவி இல்லையா? பணமும் கூட்டமும் பொங்கி வழிந்த விளையாட்டிலும் முதலாளியின் கணக்கு உடைந்தால் அணி உடைந்தது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அங்கே ஓர் அணி விழுந்தால் லீக் நின்றுவிடாது. ஹைதராபாத்துக்கு உடனே இன்னொரு அணி வந்தது. கால்பந்தில் லீக்கே ஒற்றைக் காலில் நின்றதால் பதினான்கு கிளப்பும் சேர்ந்து ஆட்டம்கண்டன. அந்த ஒற்றைக் காலைப் பற்றிப் பேசாமல் கிரிக்கெட்டைக் காட்டுவது, நோயை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரன் ஆரோக்கியத்தைப் பேசுவது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் மறைக்கக்கூடாது. 2025 செப்டம்பர் 19இல் உச்ச நீதிமன்றம் கூட்டமைப்பின் புதிய சட்டதிட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அக்டோபரில் லீக்குக்கு ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். நவம்பர் 7 கடைசி நாள். ஒருவரும் விலை சொல்லவில்லை. "சந்தையே தீர்ப்புச் சொல்லிவிட்டதே, இனி என்ன?" என்று கேட்கிறார்கள். ஒப்பந்தப்புள்ளியில் என்ன இருந்தது என்று பார்க்காமல் இப்படிக் கேட்கக்கூடாது. 15 ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 37.5 கோடி ரூபாய் அல்லது மொத்த வருமானத்தில் 5 சதவீதம், எது அதிகமோ அதைக் கூட்டமைப்புக்குக் கட்டவேண்டும். இதற்கு மேல் லீக்கை நடத்தும் செலவு தனி. ஆனால் லீக்கை நிர்வகிப்பதில் பணம் போடுகிறவனுக்கு எவ்வளவு சொல் இருக்கும் என்பது தெளிவில்லை. விசாரித்தவர்கள் இருந்தார்கள், கட்டவேண்டியது உறுதி, கையில் வருவது உறுதியில்லை என்று கண்டு ஒதுங்கினார்கள். ஒளிபரப்பைப் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். குறைந்த மதிப்புக்குக் குறைந்த விலை கேட்டிருந்தால் வாங்குபவன் வந்திருப்பான். விலையையும் நிபந்தனையையும் நிர்ணயித்தவர்களின் பிழையை, அந்த மேசைக்குப் பக்கத்தில்கூட இல்லாத ரசிகனின் கணக்கில் எழுத முடியாது. ஒரே வாங்குபவனுக்கு 15 ஆண்டு எழுதிக்கொடுத்துக் கெட்டவர்கள், மீண்டும் ஒரே வாங்குபவனை 15 ஆண்டுக்குத் தேடினார்கள் என்பதுதான் இதில் மனதை அதிகம் உறுத்துகிறது.

சரி, காலி நாற்காலிகளே இல்லையா? இருந்தன. சென்னை நேரு ஸ்டேடியத்தில் வெறிச்சோடிய வரிசைகளைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். பெங்களூருவிலும் தொடக்க ஆண்டுகளின் நெரிசல் எல்லா ஆட்டத்துக்கும் இல்லை. ஏன் என்று ஓர் ஆட்ட நாளை அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். ஏழரை மணிக்கு ஆட்டம். அந்த நேரம் ஒளிபரப்புக்காக வைத்தது. ஒன்பதரைக்கு மேல்தான் முடியும். கண்டீரவாவிலிருந்து வெளியே வந்து, நெரிசலில் சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் பஸ் ஸ்டாண்டு சேரும்போது நடுநிசியை நெருங்கும். அதற்கு மேல் வேப்பனப்பள்ளிக்குப் பஸ் ஏது? நண்பனின் பைக்கில் சூளகிரி வழியாக, லாரிகளுக்கு நடுவே போகவேண்டும். மறுநாள் முதல் ஷிஃப்ட் என்றால் விடியும் முன் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கவேண்டும். ஆட்டத் தேதி பல நேரம் வேலைநாளில் விழும். டிக்கெட், பஸ், சாப்பாடு, அதற்கு மேல் போகும் ஒருநாள் சம்பளம். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு லீவு என்றால் சம்பளம் இல்லை. இத்தனையையும் தாண்டி மேற்கு ஸ்டாண்டில் வந்து நின்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் இருந்தார்கள் என்பதே பெரிது. அவர்கள் வரக்கூடிய நேரத்தில் ஆட்டம் வையுங்கள், திரும்பிப்போக ஒரு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். அதன் பிறகும் நாற்காலி காலியாக இருந்தால் அப்போது பழி சொல்லலாம்.

"கிளப் தனியார் சொத்து, நட்டப்படுகிறவன் மூடினால் கேட்க நீ யார்?" என்பது அடுத்த கேள்வி. நட்டம் உண்மை. ஆண்டுக்குப் பல கோடி இழந்தும் பத்து ஆண்டுக்கு மேல் தாங்கியவர்களை மதிக்கிறேன்; ஜேஎஸ்டபிள்யூ 2013இல் தொடங்கிய பெங்களூரு எஃப்சி முதல் பருவத்திலேயே ஐ-லீக் வென்றது, 2016இல் ஏஎஃப்சி கோப்பை இறுதி வரை போனது. அந்த முதலீடு இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் முழுக்கத் தனியார் சொத்து என்பது சரியில்லை. கண்டீரவா கர்நாடக அரசின் அரங்கு, சென்னை நேரு ஸ்டேடியம் தமிழக அரசுடையது, கோவையில் மாநகராட்சியுடையது. மக்கள் வரிப்பணத்தில் எழுந்த அரங்கில் ஆடி, மக்கள் ஊரின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்ட நிறுவனம், ஊருக்கு எந்தக் கணக்கும் சொல்லவேண்டாம் என்பது எந்த நியாயம்? ஒரு கிரானைட் குவாரிக்குக் குத்தகை கொடுத்தால்கூட நிபந்தனை உண்டு, வைப்புத்தொகை உண்டு. ஊர் பெயரை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு அவ்வளவாவது இருக்கவேண்டாமா?

கடைசியாக, ரசிகர்களால் என்னதான் ஆகும், அவர்களிடம் கொடுத்தால் சண்டைதான் மிஞ்சும் என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. உறுப்பினர்களின் கிளப்பான ஈஸ்ட் பெங்காலில் 2021 ஜூலையில் முதலீட்டாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதா வேண்டாமா என்று ரசிகர்களே இரண்டாகப் பிரிந்து கிளப் வாசலில் மோதினார்கள். போலீஸ் தடியடி நடந்தது. ஆனால் அந்தக் கிளப் இன்றும் அதே ஊரில், அதே சிவப்பு-மஞ்சளில் ஆடுகிறது. சண்டையே இல்லாத ஹைதராபாத் எஃப்சி எங்கே? மோகன் பகானின் பெயருக்கு முன்னால் ஒட்டிய ஏடிகே என்ற மூன்றெழுத்தை 2023இல் நீக்கவைத்தது ரசிகர்களின் விடாப்பிடிதான். நம்மைப் போன்ற தொழிற்சாலைப் பகுதிக்கு இன்னும் பொருத்தமான ஊர் பிரான்ஸில் இருக்கிறது. சோஷோ, பெஜோ கார் ஆலையின் ஊர். 1928இல் பெஜோ நிறுவனமே அங்கே கிளப்பைத் தொடங்கியது, 2015இல் விற்றுவிட்டது, தொலைதூர முதலாளிகள் கையில் போன கிளப் 2023இல் பணமின்றி இரண்டாம் டிவிஷனிலிருந்து வெளியேற்றப்பட்டது. மூடவேண்டிய நேரத்தில் பழைய தலைவர் ஒருவரும் உள்ளூர் முதலீட்டாளர்களும் முன்வந்தார்கள். பல ஆயிரம் ரசிகர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சங்கமாகப் பங்கு வாங்கினார்கள். ஒரு டிவிஷன் கீழே இறங்கினாலும் கிளப் பிழைத்தது. அந்த ஊர்க்காரர்களும் ஷிஃப்ட் பார்த்துச் சம்பாதிப்பவர்கள்தான். பிரான்ஸில் ஒவ்வொரு பருவத்துக்கும் முன் கிளப்புகளின் கணக்கைத் தோண்டிப் பார்க்கும் தனி ஆணையம் உண்டு என்பதால், நிலைமை கைமீறும் முன் ஊருக்குத் தெரியவந்தது. இங்கேயும் உரிம விதிகளில் நிதி நிபந்தனைகள் இருக்கின்றன; தவறினால் விலக்குக் கேட்டு ஆடுவது வழக்கமாகிவிட்டது. விலக்கு ஏன் தரப்பட்டது, பாக்கி எவ்வளவு என்று பருவச் சீட்டு வாங்கியவனுக்குக்கூட யாரும் சொல்வதில்லை.

2026 ஜனவரி 6 அன்று மத்திய விளையாட்டு அமைச்சர், பிப்ரவரி 14இல் லீக் தொடங்கும் என்றார். 14 கிளப், 91 ஆட்டம்; ஒவ்வோர் அணியும் மற்ற அணியை ஒரு தடவை மட்டும் சந்திக்கும். 2024-25 பருவத்தில் ஒரு கிளப்புக்குச் சொந்த மண்ணில் 12 ஆட்டம். 2026இல் ஆறோ ஏழோ. அதற்குள் மும்பை சிட்டியிலிருந்து இங்கிலாந்தின் சிட்டி ஃபுட்பால் குழுமம் வெளியேறிவிட்டது. இந்த ஆறேழு ஆட்டத்துக்கு ஓசூரிலிருந்தும் வேப்பனப்பள்ளியிலிருந்தும் கிளம்புகிறவர்களிடம், ஏன் இன்னும் அதிகம் பேர் வரவில்லை என்று கேட்பதை நிறுத்துங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்: அடுத்த பருவத்துக்கு ஒளிபரப்பு யார் கையில், எத்தனை ஆண்டுக்கு? கிளப்பின் வரவு செலவை ஆண்டுக்கு ஒருமுறை பொதுவில் வைப்பீர்களா? ஊரை விட்டுப் போவதென்றால் எத்தனை மாதம் முன்பு சொல்வீர்கள்? அரசு அரங்கை வாடகைக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்திலேயே இந்த மூன்றையும் எழுதலாம். அதற்கு டெல்லிக்குப் போகவேண்டியதில்லை. பெங்களூருவிலும் சென்னையிலும் இருக்கிற விளையாட்டுத் துறை அலுவலகங்களே போதும்.